இளஞ்சிறார்க்குக் காரண காரிய உணர்ச்சி

காரியமெல்லாம் காரணமுடையன என்பது நம் சித்தாந்த சாத்திரத்தின் அடிப்படைத் துணிபுகளுள் ஒன்று. உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் காரியமாதலின் அதற்கொரு கருத்தா உளன் என்பதை மெய்கண்டதேவர் சிவஞானபோத முதற் சூத்திரத்தின்கண் நிறுவியருளினார். அந்நூற்கு வாயிலாகிய இவ்வுணர்ச்சியை இளஞ்சிறார்க்கு ஊட்டுமாறு யாங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

குழவிகட்கு இவ்வுணர்ச்சி முற்றும் புதிதன்று. ஒரு பொருள் முட்ட மற்றொன்று நகருங் காட்சியில் ஆறு திங்கட் குழவியும் காரணத் தொடர்பைக் காண்கின்றது என, லெஸ்லி, கீபிள் என்னும் உளநூலார் இருவர் 1987-ஆம் ஆண்டில் தம் சோதனையினின்றும் முடிபு கூறினர். ஆயினும், காரணம் உண்டென்றறிதல் வேறு. இன்னதே காரணமெனத் துணிதல் வேறு. சிறார் இயற்கை நிகழ்ச்சிகட்குத் தம் செயலையும் விருப்பத்தையுமே காரணமாகக் கருதுதலுண்டென ஸ்விட்ஸர்லாந்து தேயத்துப் பியாழே 1927-இல் வெளியிட்ட நூலிற் காட்டினார். இம்மயக்கம் நகைத்தற்குரியதன்று. என்னை? அஃது இளநெஞ்சைச் சுடவும் வல்லது.

யான் கண்டதொன்று கூறுவல். ஐந்தாண்டினனாகிய என் பெயரன், கதை சொல்லாத சினத்தால் தன் ஆச்சியை நோக்கி, “நீ போ” என்றான். சின்னாளில் என் மனையாள் சிவபதமெய்தினாள். பிள்ளை உண்டியிற் குறைந்தான், பேச்சொழிந்தான். ஒருநாள் இரவு, “நான் போ என்றதனால்தானே ஆச்சி போய்விட்டாள், தாத்தா?” என்று வினவினான். பொய் சொன்னாற் சாமி கண்ணைக் குத்துமென்று அவனை முன்னர்ப் பலகால் அச்சுறுத்தியவன் யானே. அவன் கற்றது யான் கற்பித்த தருக்கமே யன்றோ!

காக்கை இருக்கப் பனம்பழம் வீழ்ந்ததைக் கொண்டு காக்கையே வீழ்த்தியதென்பது காகதாலீயம் எனப்படும். முன்னிகழ்ந்தது யாவும் காரணமாகாது. இதனைச் சொல்லால் விளக்கின் பிள்ளைக்கு எட்டாது. ஆதலின் இரண்டு தொட்டிகளில் உலர்ந்த மண்ணிட்டு அவரைவிதை ஊன்றச் செய்தேன். ஒன்றற்கு நாடோறும் நீர்வார்த்து, “முளையாதே” என்று வைதான். மற்றதற்கு நீர்வாராது, “முளைத்து வா” என்று வேண்டினான். வைத தொட்டி முளைத்தது. வாழ்த்திய தொட்டி முளைத்திலது. உடன்பாட்டானும் எதிர்மறையானும் காரணம் துணிதல் இதுவே. “ஆச்சியின் நெஞ்சில் நோய் முன்னரே இருந்தது, உன் சொல் நீரன்று” என்றேன். அன்றிரவு வயிறார உண்டான்.

இனி, வீட்டுப் பொருள்களைக் கொண்டே மூன்று வினாக்களைப் பழக்குக. எதிலிருந்து ஆயிற்று? எதனைக் கொண்டு ஆயிற்று? யாரால் ஆயிற்று? குடத்திற்கு மண்ணும் திரிகையும் குயவனும் போலத் தோசைக்கு மாவும், கல்லும், அன்னையும் எனப் பிள்ளைகளே விடை கூறுவர். முதல், துணை, நிமித்தம் என்னும் பெயர்கள் பின்னர் வருக. மாவின்றித் தோசையில்லை என்றறிந்த பிள்ளைக்கு, இல்லது தோன்றாதென்னும் சற்காரியவாதம் பின்னாளில் அரிதன்று. மாயை, சத்தி, சிவன் என உலகிற்கு அம்மூன்றனையும் ஓதுங்கால் அவன் மருளான்.

அற்றேல், வினைக்கொள்கையையும் இப்பருவத்தே கற்பித்தல் வேண்டாவோ எனின், நற்செயல் நன்மை தரும், தீச்செயல் தீமை தரும் என்னும் அளவிற் கற்பிக்க. இன்ன துன்பம் இன்ன குற்றத்தால் வந்ததெனச் சுட்டுதல் நம்மனோர்க்கு உரித்தன்று. வினை சடமாகலின் தானே சென்று பற்றாது. அறிந்து ஊட்டுவான் இறைவனே. அவன் ஒறுத்தலும் அருளென்பது நம் சித்தாந்தம். அவனைக் கண் குத்துவானாகக் காட்டுவோர், பிள்ளைக்குக் காரணத்தையும் பிழைபடக் காட்டினர். கடவுளையும் பிழைபடக் காட்டினர். யான் செய்த அப்பிழையைப் பிறர் செய்யாதிருத்தற் பொருட்டே இதனை எழுதலுற்றேன்.