கிணற்று நீச்சல் கடலுக்கு உதவாது!

சகோதரிகளே, இந்தக் கடிதத்தில் உள்ள ஒரு விஷயத்தை என் வீட்டுக்காரர் இங்கே படித்துத்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்ளப் போகிறார். நேரில் சொல்ல இதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதுவது சுலபமாக இருக்கிறது.

நாங்கள் நான்கு பேரும் பொள்ளாச்சியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். 1984-ல் பத்தாவது முடித்தோம். நான் வாக்கப்பட்டது கோவைக்கு. ஒருத்தி திருப்பூருக்கு, இன்னொருத்தி ஈரோட்டுக்கு. நான்காமவள் மட்டும் கொங்குச் சீமையையே தாண்டித் தரங்கம்பாடிக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் ஆசிரியர் வேலை. கல்யாணத்தன்றே, "என்ற வீட்டுக்கு வந்தா தெனமும் கடலப் பாக்கலாம்டீ, வாங்க" என்று ஆசை காட்டினாள். பிறகு பொங்கல் வாழ்த்து அட்டையில், இன்லண்ட் லெட்டரில், எஸ்.டி.டி. போனில், இப்போது வாட்ஸ்அப்பில்... முப்பத்தைந்து வருஷமாக அதே அழைப்பு. நாங்களும் முப்பத்தைந்து வருஷமாக "அடுத்த லீவுக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை, மாமனாருக்கு ஆபரேஷன், நாத்தனார் வீட்டுச் சீர் என்று அடுத்த லீவு வரவே இல்லை.

இந்த வருஷம் அவளிடமிருந்து வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. "வீட்டை விக்கப் போறோம். பையன்கூட மெட்ராஸ் போயிடுவோம். கடல் பக்கத்துல நான் இருக்கறப்பவே வந்துட்டுப் போங்க." அதற்கு மேல் தள்ளிப்போட மனசு வரவில்லை.

வீட்டில் சொன்னேன். எந்த ஊர், யாரோடு போகிறாய் என்று எதுவும் கேட்கவில்லை என்னவர். "ரெண்டு நாளைக்குச் சோத்துக்கு என்ன வழி?" அதுதான் முதல் கேள்வி. எண்பத்து நான்கு வயது மாமியாரோ, "கடலுக்குன்னு போனா ராமேஸ்வரம் போ அம்மிணி, புண்ணியமாச்சும் சேரும்" என்றார். மருமகள்தான், "நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க அத்தை" என்று பையை எடுத்துக் கொடுத்தாள். "தண்ணியில எறங்கறதா இருந்தா சுடிதார் போட்டுக்கங்க" என்றும் சொன்னாள். இந்த வயசில் சுடிதாரா என்று சிரித்துவிட்டேன். இட்லி மாவு, பருப்புப் பொடி, புளிக்குழம்பு எல்லாம் செய்து, எது எந்த டப்பாவில் என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுத்தான் படி இறங்கினேன். (திரும்பி வந்து பார்த்தால் புளிக்குழம்பு அப்படியே இருக்கிறது. ஓட்டல் புரோட்டா வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள்!)

போக விரும்பும் சகோதரிகளுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் காலையில் கிளம்பும் மயிலாடுதுறை ஜன சதாப்தி ரயிலில் உட்கார்ந்தால் மதியம் போய் இறங்கலாம். முன்பதிவு செய்துகொள்வது நல்லது. அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் பஸ், ஒரு மணி நேரப் பயணம். எங்களுக்கு இன்னொரு வசதி, திருப்பூரில் ஒருத்தி ஏறினாள், ஈரோட்டில் ஒருத்தி ஏறினாள். கரூர் வருவதற்குள் அரிசியும் பருப்பும் சாதம், கச்சாயம், நிலக்கடலை எல்லாம் காலி. எதிர் சீட்டுப் பெரியவர், "எந்தக் காலேஜும்மா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவு சத்தம்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கடல் என்பது கிட்டத்தட்ட சினிமாவில் பார்க்கிற விஷயம்தானே? எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஆழியாறு அணை, பி.ஏ.பி. வாய்க்கால், தோட்டத்துக் கிணறு. பவானியும் நொய்யலும் காவிரியில் சேர்ந்து பூம்புகாரில் போய்க் கடலைப் பார்க்கின்றன. எங்கள் ஆழியாறு இன்னும் வேடிக்கை, மேற்கே திரும்பி, பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் கடலைப் பார்க்கிறது. தண்ணீரெல்லாம் போய்விட்டது, நாங்கள் மட்டும் போகவில்லை.

தோழி வாசலிலேயே நின்றிருந்தாள். பேச்சே மாறிவிட்டிருந்தது. வார்த்தைக்கு வார்த்தை நாங்கள் போடுகிற "ங்க" அவளிடம் காணோம். அதை வைத்தே அரை மணி நேரம் கேலி செய்தோம். சாயங்காலம் ஊரைச் சுற்றிக் காட்டினாள். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்து, 1620-ல் டென்மார்க் நாட்டுக்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடற்கரையிலேயே நிற்கிறது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்களாம். 1706-ல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். பெண் குழந்தைகளுக்கு 1707-லேயே பள்ளிக்கூடமும் ஆரம்பித்தார். நாங்கள் பத்தாவதோடு நிறுத்தப்பட்டவர்கள். அந்தச் செய்தியைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தோம்.

பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலையும் காட்டினாள். பழைய கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அங்கே நின்றபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் ஈர மணலுக்கு ஓடினோம், அவள் காய்ந்த மணலிலேயே நின்றுகொண்டாள். "வாடீ" என்று கூப்பிட்டதற்கு, "நீங்க பாருங்க, எனக்குத் தெனமும் பாக்கறதுதானே" என்றாள். நாங்களும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஆறு மணிக்கே கடற்கரையில் இருந்தோம். மூன்று பேரும் புடவைதான். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று சிறு பிள்ளைகளாகக் கும்மாளம் போட்டோம். எங்கள் ஈரோட்டுக்காரி சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவள். அந்தக் காலத்தில் மேட்டிலிருந்து குதிப்பாள். "அலை மூஞ்சியில அடிக்குது, அதோ அங்க அலையே இல்ல, அங்க போலாம்" என்றாள். கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தில் மட்டும் நுரை இல்லாமல் தண்ணீர் அமைதியாக இருந்தது. அவள் போனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

இடுப்பளவு தண்ணீர்தான். திடீரென்று காலுக்குக் கீழே மணல் உருவிக்கொண்டு போனது. இரண்டு பேரும் விழுந்தோம். எழுந்து நிற்கலாம் என்றால் தரை தட்டுப்படவில்லை. புடவை நனைந்து, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியதுபோல் சுற்றிக்கொண்டது. ஈரோட்டுக்காரி கரையைப் பார்த்து நீந்துகிறாள், நீந்துகிறாள், கரை தள்ளிக்கொண்டே போகிறது. கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாது. நான்கு கை போட்டால் படி கிடைக்கும். இங்கே படி ஏது? உப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறிய அந்த நேரத்தில் என் பேரன் முகம்தான் வந்தது. அதோடு, எரிவாயு சிலிண்டரை மூடச் சொன்னோமா என்ற எண்ணமும் வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "கரையப் பாத்து வராதீங்கடீ! அக்கட்டால போங்க! அக்கட்டால!" டெல்டாப் பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது, அசல் பொள்ளாச்சிக் குரல். திரும்பிப் பார்த்தால், காய்ந்த மணலை விட்டு நகராதவள் மார்பளவு தண்ணீரில் நிற்கிறாள், கையைப் பக்கவாட்டில் வீசிக் காட்டுகிறாள். ஈரோட்டுக்காரி கரைக்கு நேராக முட்டுவதை விட்டுவிட்டுப் பக்கத்தால் நீந்த, இழுப்பு குறைந்தது. நான் நீச்சல் தெரியாதவள். அங்கே வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள், காலி பிளாஸ்டிக் கேன் கட்டிய கயிறோடு ஓடிவந்தார்கள். கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இழுத்துப் போட்டார்கள். மூக்குக் கண்ணாடியும் ஒரு கால் மெட்டியும் கடலோடு போயின.

அந்தத் தம்பிகள் கோபப்படாமல்தான் விளக்கினார்கள். கரைக்கு வந்த அலைத் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். அது மணல் மேட்டுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஒன்றாகச் சேர்ந்து, ஆறு மாதிரி வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். அதில் மாட்டினால் எதிர்த்து நீந்தி எவராலும் ஜெயிக்க முடியாது. பதற்றப்படாமல் மிதந்து, கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் நகர்ந்தால் இழுப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம், பிறகு கரைக்கு வரலாம். கரையில் இருப்பவர்கள் தண்ணீரில் குதிக்காமல் மிதக்கிற எதையாவது தூக்கிப் போட வேண்டும், பிளாஸ்டிக் குடமானாலும் சரி. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் கடல் இன்னும் மூர்க்கமாக இருக்குமாம். நாங்கள் போனது பிப்ரவரியில், அதற்கே இந்தப் பாடு. மருமகள் சொன்ன சுடிதாரை எத்தனை தடவை நினைத்தேன் என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து, சுக்குக் காப்பி குடித்த பிறகு தோழி பேசினாள். இருபது வருஷத்துக்கும் மேல் அவள் கடலில் கால் வைத்ததில்லை.

2004 டிசம்பர் 26, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். தினமும் வாசலுக்கு மீன் கொண்டுவரும் அம்மா அன்றும் காலையில் வந்தார். நாற்பது ரூபாய்க்கு வாங்கினாள். சில்லறை இல்லை. "நாளைக்கு வாங்கிக்கறேன், நீ பாப்பாவுக்குச் சமைச்சுக் குடு" என்று அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு கரைப் பக்கம் போனார். ஒன்பது மணி தாண்டி இரைச்சல் கேட்டது, தெருவில் ஜனம் ஓடியது. இவள் இரண்டு குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு பொறையார் பக்கம் ஓடினாள். அடுப்பில் குழம்பு கொதித்தபடியே இருந்ததாம். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கரையை ஒட்டிக் குடியிருந்த மீனவர் வீடுகளில்தான் அதிகம். அந்த அம்மாவும் திரும்பி வரவில்லை. "அந்த நாப்பது ரூவாய ரொம்ப வருஷம் சாமி மாடத்துலயே வெச்சிருந்தேன். யாருகிட்டக் குடுக்கறது?" என்றாள். எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை.

பிறகு அவளே, "முப்பத்தஞ்சு வருசமாக் கூப்பிட்டு, வந்ததும் வராததுமா என்னைக் கொலகாரி ஆக்கப் பாத்தீங்களேடீ" என்று திட்ட ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சிரித்தோம். மத்தியானம் மீன் குழம்பு வைத்துப் போட்டாள். அந்தக் காரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. மூன்று மணி வாக்கில் மயிலாடுதுறையில் அதே ரயிலைப் பிடித்து, இரவே வீடு வந்து சேர்ந்தோம்.

ரயிலில் மூன்று பேரும் ஒரு முடிவு எடுத்தோம். நடந்ததை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால், "இதுக்குத்தான் போகாதேன்னு சொன்னேன்" என்று ஆரம்பித்து, அடுத்த முப்பத்தைந்து வருஷத்துக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். மூக்குக் கண்ணாடி ரயிலில் தொலைந்ததாகச் சொன்னேன். மெட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை. மாமியார் மட்டும் காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மறுவாரம் புது மெட்டி வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் போன மாதம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள், "நாங்க எல்லாம் கிணத்துல நல்லா நீந்துவோம் ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டு கடற்கரைச் சுற்றுலா கிளம்பினார்கள். அவர்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களிடம் சொல்லிவிட்டு வீட்டில் மறைப்பது சரியாகப் படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தரங்கம்பாடி வீடு விலை பேசி முடிந்துவிட்டது. தை மாசம் பூப்பறிக்கிற நோன்புக்குத் தோழி பொள்ளாச்சி வருகிறாள், நாங்கள் மூவரும் அங்கே போகிறோம். என்னவர் இதைப் படித்திருப்பார் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டு நாள். இந்தத் தடவை புளிக்குழம்பு வைக்க மாட்டேன்.

- ஒரு வாசகி, கோவை