சுட்ட கதையா? சுடாத கதையா?



போன மாதம் இந்தச் சுவரிதழுக்காக நான் ஒரு கதை எழுதிக் கொடுத்தேன். தலைப்பு ‘நீலக்கல்’. கடலோரக் கிராமத்துப் பையன் ஒருவன் கையில் தூக்குவாளியோடு ராத்திரி நேரம் நடந்து போகிறான். வானத்திலிருந்து ஒரு சிறுமி மெல்ல மிதந்து இறங்குகிறாள். அவன் கைகளை நீட்டித் தாங்கிப் பிடிக்கிறான். அவள் கழுத்தில் ஒரு நீலக்கல் மின்னுகிறது. அதைப் பிடுங்க ஒரு கூட்டம் துரத்துகிறது. இரண்டு பேரும் நீர்மூழ்கிக் கப்பலில் தப்பித்து, கடலுக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய ஊருக்குப் போய்ச் சேருகிறார்கள். இதுதான் கதை.

இதழைத் தயாரிக்கும் பத்தாம் வகுப்பு அக்கா படித்துப் பார்த்தார். நூலகத்தில் எல்லார் முன்னாடியும், “ஏய், இது சுட்ட கதைடி! கழுத்துல நீலக்கல், துரத்துற கூட்டம், எல்லாம் கார்ட்டூன்ல வந்ததுதானே?” என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. தமிழ் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, அக்காவைத் திட்டவும் இல்லை. “அந்தக் கார்ட்டூன்காரங்க எங்கே இருந்து எடுத்தாங்கன்னு தேடிப் பாரும்மா. அதையே எழுதிக் கொடு” என்றார்.

தேடினேன். கிடைத்ததை எழுதியிருக்கிறேன். (படங்களைப் பார்க்காதவர்கள் மன்னிக்கணும், சில ரகசியங்களை உடைத்துவிட்டேன்!)

ஈயடிச்சான் காப்பி

பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து அப்படியே எழுதினால் ‘ஈயடிச்சான் காப்பி’ என்கிறோம். அது எப்படி வந்ததாம்? ஒருவர் பழைய நோட்டு ஒன்றைப் பார்த்து நகல் எழுதிக்கொண்டிருந்தாராம். அதில் ஒரு பக்கத்தில் ஈ ஒன்று நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்ததாம். இவர் மெனக்கெட்டு ஒரு ஈயை அடித்து, தன் தாளிலும் அதே இடத்தில் ஒட்டி வைத்தாராம்!

சிரிப்புக் கதைதான். ஆனால் இதற்குள் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. பழைய நோட்டில் ஈ இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது தானாகப் பறந்து வந்து மாட்டிக்கொண்டது. நகலில் அது இருப்பதற்கு, ‘அங்கே இருந்தது’ என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஆகவே இரண்டு கதைகள் ஒன்றுபோல இருந்தால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த விஷயம் இந்தக் கதையில் ஏன் இருக்கிறது?

மூன்று படங்கள், ஒரே நீலக்கல்

1. லபுட்டா: வானத்துக் கோட்டை (1986). ஜப்பானின் ஹயாவோ மியாசாகி இயக்கிய படம். ஷீட்டா என்ற சிறுமியின் கழுத்தில் ஒளிவிடும் கல். அதற்காகக் கொள்ளைக் கூட்டமும் ராணுவமும் துரத்துகின்றன. பாஸு என்ற சுரங்கத்துப் பையன் அவளுக்குத் துணை. கடைசியில் வானத்தில் மிதக்கும் தீவுக்குப் போகிறார்கள்.

2. நாடியா: நீலநீரின் ரகசியம் (1990-91). ஜப்பான் தொலைக்காட்சியில் 39 பகுதிகளாக வந்த தொடர். இயக்கம் ஹிதேயகி அன்னோ. 1889-ல் பாரிஸ் கண்காட்சியில் கதை தொடங்குகிறது. சர்க்கஸ் சிறுமி நாடியாவின் கழுத்தில் நீலக்கல். நகைத் திருடர்கள் துரத்துகிறார்கள். கண்ணாடி போட்ட ஜான் என்ற பையன் காப்பாற்றுகிறான். நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கி, அதன் தலைவர் கேப்டன் நீமோ, அட்லாண்டிஸ் என்ற பழங்கால நாகரிகம் எல்லாம் வருகின்றன.

3. அட்லாண்டிஸ் (2001). அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனப் படம். 1914-ல் கதை நடக்கிறது. கண்ணாடி போட்ட மைலோ என்ற மொழி ஆராய்ச்சியாளர், யூலிசிஸ் என்ற நீர்மூழ்கி, கடலுக்கடியில் அட்லாண்டிஸ், கழுத்தில் நீலக்கல்லோடு இளவரசி கீடா.

படிக்கும்போதே உங்களுக்குச் சந்தேகம் வருகிறதல்லவா? 2001-ல் படம் வந்ததும் நாடியா ரசிகர்களுக்கும் வந்தது. “எங்கள் தொடரைச் சுட்டுவிட்டார்கள்” என்றார்கள். டிஸ்னி இயக்குநர்கள் மறுத்தார்கள். ஜூல்ஸ் வெர்னின் நாவல்கள்தான் எங்களுக்குத் தூண்டுதல் என்றார்கள்.

யார் சொல்வது சரி? ஈயைத் தேடுவோம்.

ஊற்றைத் தேடிப் போனால்...

நீர்மூழ்கி எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1869-70-ல் வெளியிட்ட கடலடி நாவலில் இருந்து. கேப்டன் நீமோவும் நாட்டிலஸும் அவர் படைப்புகள். அதே நாவலில், கடலுக்கடியில் மூழ்கிய அட்லாண்டிஸின் இடிபாடுகளை நீமோ தன் விருந்தாளிக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறார்! அதாவது நீர்மூழ்கியையும் அட்லாண்டிஸையும் சேர்த்து வைத்தது நாடியாவும் இல்லை, டிஸ்னியும் இல்லை. இரண்டுக்கும் தாத்தா வெர்ன்தான்.

சரி, வெர்னாவது எல்லாம் சொந்தமாக எழுதினாரா? அதுவும் இல்லை. அட்லாண்டிஸ் கதையை முதலில் எழுதி வைத்தவர் கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோ. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன். நாட்டிலஸ் என்ற பெயரும் வெர்னுக்கு முன்பே இருந்தது. ராபர்ட் ஃபுல்டன் என்பவர் 1800-ல் பிரான்சில் கட்டிய நிஜ நீர்மூழ்கியின் பெயர் அது. நீமோ என்றால் லத்தீனில் ‘யாரும் இல்லை’ என்று பொருள். கிரேக்கக் காவிய வீரன் ஒடிசியஸ், ஒற்றைக்கண் அரக்கனிடம் தன் பெயர் ‘யாருமில்லை’ என்று சொல்லித் தப்பிக்கிறான். அந்த ஒடிசியஸுக்கு லத்தீன்காரர்கள் வைத்த பெயர்தான் யூலிசிஸ். டிஸ்னி நீர்மூழ்கியின் பெயர்! என்ன, தலை சுத்துதா?

இன்னொரு விஷயம் கேளுங்க. வெர்ன் பின்னாளில் எழுதிய ‘மர்மத் தீவு’ நாவலில் நீமோ யார் என்று சொல்கிறார். அவர் ஓர் இந்தியர்! புந்தேல்கண்ட் இளவரசர் டக்கர், திப்பு சுல்தானின் உறவினர், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்து எல்லாவற்றையும் இழந்தவர் என்று கதை போகிறது.

லபுட்டாவின் பெயரும் கடன்தான். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-ல் எழுதிய கலிவர் பயணக் கதையில் வரும் பறக்கும் தீவு அது. மியாசாகி இதை மறைக்கவில்லை. படத்திலேயே பாஸு, ஸ்விஃப்ட் எழுதியது கற்பனை, ஆனால் என் அப்பா நிஜத் தீவையே பார்த்தார் என்று சொல்கிறான்.

அப்படியென்றால் நாடியா லபுட்டாவைச் சுட்டதா? இதற்கும் பதில் இருக்கிறது. 1970-களில் மியாசாகி, கடல் வழியாக உலகைச் சுற்றும் ஒரு தொடருக்கு யோசனை எழுதிக் கொடுத்தார். அது அப்போது படமாகவில்லை. அந்த யோசனையின் சில பகுதிகளை அவரே லபுட்டாவில் பயன்படுத்திக்கொண்டார். கம்பெனியிடம் தங்கிப்போன மூல யோசனை, பிறகு நாடியாவாக வளர்ந்தது. ஒரே விதை, இரண்டு மரம்.

எடுத்தவர் என்ன சேர்த்தார்?

எடுப்பது மட்டும் கணக்கு இல்லை. சேர்ப்பதும் கணக்கு. வெர்னின் நீமோ எல்லாரையும் வெறுத்துக் கடலுக்குள் ஒதுங்கியவர். நாடியா தொடரில் அதே நீமோ, தான் யார் என்று சொல்ல முடியாமல் மகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தவிக்கும் ஓர் அப்பா! நாடியா உயிரைக் கொல்வதைப் பொறுக்காதவள், மாமிசம் தொடமாட்டாள். கூட வருகிறவர்களோடு அதற்காகச் சண்டையே போடுகிறாள். இவளை வெர்ன் நாவலில் தேடினால் கிடைக்கமாட்டாள்.

டிஸ்னியின் கீடாவும் நாடியா இல்லை. நாடியாவுக்குத் தன் ஊர் எதுவென்றே தெரியாது. கீடா தன் ஊரிலேயே இருக்கிறாள், ஆனால் தன் முன்னோர் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் இருக்கிறாள். வெளியூர்க்காரரான மைலோ வந்து படித்துச் சொல்கிறார். அவரோடு வந்தவர்களோ அந்த ஊரின் உயிரான கல்லையே கொள்ளையடிக்கப் பார்க்கிறார்கள். இது வேறு கதை.

ஆனாலும் கழுத்துக் கல்லுக்கும் பையனின் கண்ணாடிக்கும் வெர்ன் பொறுப்பாக முடியாது. அது உறுத்தத்தான் செய்கிறது. என் கருத்து: அங்கே சந்தேகம் இருக்கிறது, ஆதாரம் இல்லை. சந்தேகத்தை வைத்து ஒருவரைத் திருடன் என்று கூப்பிடக் கூடாது.

சிங்கத்தின் கதை

‘லயன் கிங்’ (1994) நம்மில் பலர் பார்த்த படம். ஆனால் ஜப்பானின் ஒசாமு தெசுகா 1950-லேயே ‘காட்டுப் பேரரசன்’ என்ற சிங்கக்குட்டிக் காமிக்ஸைத் தொடங்கிவிட்டார். 1965-ல் அது தொலைக்காட்சித் தொடராகி, அமெரிக்காவில் ‘கிம்பா’ என்ற பெயரில் ஓடியது. கிம்பா, சிம்பா! பெயர் ஒற்றுமையைப் பார்த்ததும் துள்ளாதீர்கள். சிம்பா என்றால் ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் சிங்கம். கழுதைப்புலி, குரங்கு எல்லாம் ஆப்பிரிக்கக் காட்டில் இருப்பவைதான்.

ஆனால் கண்ணில் காயம்பட்ட வில்லன் சிங்கம், அதற்கு எடுபிடியாகக் கழுதைப்புலிகள், புத்தி சொல்லும் கிழக் குரங்கு, கூடவே திரியும் பறவை, பாறை உச்சியில் கம்பீரமாக நிற்கும் சிங்கம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஓர் ஈ தற்செயலாக விழலாம். அஞ்சு ஈ அதே அஞ்சு இடத்தில் விழுமா? இப்படித்தான் ஜப்பானில் நூற்றுக்கணக்கான ஓவியர்கள் கேட்டார்கள். டிஸ்னிக்கு மனு அனுப்பினார்கள். டிஸ்னி தரப்பு மறுத்தது. ஷேக்ஸ்பியரின் ஹேம்லட் கதையின் சாயல் படத்தில் இருப்பதை ஒப்புக்கொண்டது. அப்பாவைக் கொன்று அரியணையில் ஏறும் சித்தப்பா அங்கிருந்து வந்தவர். கிம்பாவின் அப்பாவைக் கொல்வதோ மனித வேட்டைக்காரன்.

தெசுகாவின் நிறுவனம் வழக்குப் போடவில்லை. 1989-ல் காலமான தெசுகா, டிஸ்னியின் ‘பாம்பி’ (1942) படத்தின் பரம ரசிகர். அந்த மான்குட்டிக் கதையைத் தானே காமிக்ஸாக வரைந்தவர். டிஸ்னியிடமிருந்து கற்றவர் அவர். அவரிடமிருந்து டிஸ்னி எடுத்திருந்தாலும், அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுவே வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பஞ்சாபிக் குடும்பம், மதராஸிக் குடும்பம் பற்றிய ஒரு மேடை நாடகத்தைச் சுட்டு 1956-ல் ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படம் எடுத்தார்கள் என்று நாடக ஆசிரியர் வழக்குத் தொடர்ந்தார். 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. யோசனைக்கும் கருவுக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதை ஒருவர் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை உண்டு. இரண்டையும் பார்ப்பவருக்கு ‘இது அதன் நகல்தான்’ என்று ஐயமில்லாமல் தோன்ற வேண்டும் என்றது. நாடக ஆசிரியர் தோற்றார்.

‘நீலக்கல் சிறுமி’ என்பது யோசனை. அது எல்லாருக்கும் பொது. அவள் பேசும் பேச்சு, வரைந்த முகம், நடக்கும் காட்சி ஆகியவை படைத்தவருடையவை.

அப்போ யோசனையைத் தவிர மற்றதை எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். லயன் கிங்கில் டிமோனும் பும்பாவும் பாடும் சிங்கப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? அதன் மூலம் ‘ம்பூபே’. 1939-ல் தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா பதிவு செய்த பாட்டு. உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு விற்றுவிட்டார் என்கிறார்கள். பாட்டு அமெரிக்காவுக்குப் போய் வேறு பெயரில் உலகப் புகழ் பெற்றது. லிண்டா 1962-ல் ஏழையாகவே இறந்தார். படக் கம்பெனி முறைப்படி அமெரிக்கப் பதிப்பாளரிடம்தான் பாட்டை வாங்கியது. ஆனால் லிண்டாவின் மகள்களுக்கு உரிய பங்கு போய்ச் சேரவில்லை. 2004-ல் வழக்குப் போட்டார்கள். 2006-ல் சமரசம் ஆகிப் பணமும் அப்பாவின் பெயரும் கிடைத்தன. 67 வருஷம்!

பெயர் சொல்வது வெறும் மரியாதை இல்லை. சில வீடுகளில் அது சோறு.

கடைசியாக, என் கதை

இவ்வளவும் எழுதி முடித்து, ‘நான் சுடவில்லை’ என்று நிரூபித்துவிட்டேன் என்று சந்தோஷமாக என் கதையை எடுத்துப் படித்தேன். நீலக்கல் பொது. நீர்மூழ்கி வெர்னுடையது. மூழ்கிய ஊர் பிளேட்டோ காலத்தது. அக்கா சொன்ன குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது.

அப்புறம் முதல் பத்தி. தூக்குவாளி. அந்தப் பையன் ராத்திரியில் யாருக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறான்? என் கதையில் பதில் இல்லை. அந்தச் சாப்பாட்டை யாரும் சாப்பிடவும் இல்லை.

லபுட்டாவில் பாஸு, சுரங்கத்தில் ராத்திரி வேலை செய்யும் தன் முதலாளிக்குப் பாத்திரத்தில் சாப்பாடு வாங்கிக்கொண்டு போகும்போதுதான் ஷீட்டா வானத்திலிருந்து மிதந்து வருகிறாள். அவன் கைகளை நீட்டித் தாங்குகிறான். அவனுக்குச் சாப்பாடு எடுத்துப் போக ஒரு காரணம் இருந்தது. என் பையனுக்கு இல்லை. பாத்திரத்தைத் தூக்குவாளி ஆக்கினால் என் சொந்தமாகிவிடும் என்று நினைத்திருக்கிறேன். நினைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை, கை தானாக எழுதிவிட்டது. ஈயை நானே அடித்து ஒட்டியிருக்கிறேன்!

அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. அவர் சொன்ன காரணங்கள் தப்பு. சொன்ன தீர்ப்பு சரி. இதை அவரிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் இந்தக் கட்டுரையை எழுதிய கையால் அதை மறைக்க முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நானும் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது” என்றார்.

தமிழ் ஐயா, “கம்பரே வால்மீகி பேரைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சார். சொல்லிட்டு எடுத்தா கடன். சொல்லாம எடுத்தாத்தான் களவு” என்றார். ஆனால் கடனும் அளவோடு இருக்கணும் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். பெயரைச் சொல்லிவிட்டு மற்றவர் காட்சியை அப்படியே இறக்கிவைத்தால் அதுவும் நம் கதை ஆகாது.

அடுத்த இதழில் ‘நீலக்கல்’ வரும். சிறுமி இந்தத் தடவை வானத்திலிருந்து இறங்கமாட்டாள். வலையில் சிக்குவாள். கதையின் அடியில் மியாசாகி, வெர்ன் பெயர்கள் இருக்கும். அதைப் படித்துவிட்டு, வேறு ஏதாவது ஈ ஒட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நூலகத்தில் சத்தமாக வேண்டாம், காதோடு சொன்னால் போதும்!



— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி