முற்றத்துச் செடியும் மொழியின் மணமும்

தமிழர் தம் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது அவற்றிற்கு அரசர் பெயரையோ ஆற்றின் பெயரையோ சூட்டவில்லை. செடிகொடி மரங்களின் பெயரையே சூட்டினர். குறிஞ்சி ஒரு புதர்ச்செடி. முல்லை ஒரு கொடி. மருதமும் பாலையும் மரங்கள். நெய்தல் நீரில் பூப்பது. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிக் கூறுவதை நாம் அறிவோம். மேலும், பூவின் நிலைகளையும் பகுத்து அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஏழு பெயர் வழங்கியது நம் மொழி. இவை ஏட்டைப் பார்த்து எழுந்த சொற்கள் அல்ல. செடியின் அருகே நின்று, காலையிலும் மாலையிலும் அதனைக் கண்டவர்கள் ஆக்கிய சொற்கள்.

இன்றைய நிலை யாது? வீட்டின் முன்புறம் சிமெண்டுத் தளமாகிவிட்டது. பூ என்பது முழக்கணக்கில் வாங்கும் பொருளாகிவிட்டது. சரமாகத் தொடுக்கப்பட்ட பூவில் முகையைக் காணலாம். இரவில் அது மலர்வதையும் காணலாம். அரும்பையும், காம்பிலிருந்து கழன்று மண்ணில் உதிரும் வீயையும் சரத்தில் காண இயலாது. ஆகவே ஏழு சொற்களும் மாணவர்க்குத் தேர்வுக்குரிய மனப்பாடமாகவே நின்றுவிடுகின்றன. முல்லைத் திணையின் முதல், கரு, உரிப்பொருள்களைப் பிழையின்றி எழுதும் மாணவரிடம் முல்லைச் செடியைக் காட்டினால், இது மல்லிகைதானே என்கிறார். இக்குறை தீர எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் மணமுள்ள, பசுமை மாறாத பூஞ்செடி ஒன்றேனும் வளர்தல் வேண்டும். அத்தகைய செடிகள் சிலவற்றையும் அவற்றை வளர்க்கும் முறையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

பசுமை மாறாமையும் இரவு மணமும்

பசுமை மாறாச் செடி என்றால் இலையே உதிர்க்காத செடி என்று பொருளன்று. அதன் இலைகளும் முதிர்ந்து உதிர்கின்றன. ஆனால் ஒரே பருவத்தில் எல்லாம் உதிர்வதில்லை. பழைய இலை கழியும்போதே புதிய இலை தோன்றிவிடுவதால் செடி எக்காலமும் பசுமையாய்த் தோன்றுகின்றது. முற்றத்திற்கு நிழலும் மறைப்பும் குளிர்ச்சியும் ஆண்டு முழுவதும் தருவதால் இவ்வகைச் செடிகள் வீட்டிற்கு ஏற்றவை.

இச்செடிகளுள் பல வெண்ணிறப் பூக்களை உடையவை. பொழுது சாய்ந்த பின்னரே மிகுதியாய் மணப்பவை. இதற்குக் காரணம் உண்டு. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கு வண்ணம் பயன்படாது. இருளிலும் புலப்படும் வெண்மையும், தொலைவு வரை செல்லும் மணமுமே பயன்படும். எனவே மணச்செடியைச் சன்னலோரத்திலோ, மாலையில் வீட்டார் கூடி அமரும் திண்ணையின் அருகிலோ நடுதல் அறிவுடைமையாகும்.

மல்லிகை, முல்லை, பிச்சி

இம்மூன்றும் ஓரினத்தைச் சேர்ந்தவை. பூவை நோக்காது இலையை நோக்கினாலே இவற்றைப் பிரித்தறியலாம். குண்டுமல்லியின் இலை தனி இலை. இரண்டிரண்டாய் எதிரெதிரே அமைந்திருக்கும். முல்லையின் இலையில் நடுவே ஒரு பெரிய சிற்றிலையும், அதன் அடியில் இரு புறமும் காது போன்ற மிகச் சிறிய சிற்றிலைகளும் இருக்கும். அதன் தாவரவியற் பெயரான ‘ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம்’ என்பதிலும் காது என்னும் பொருளே அமைந்துள்ளது. சாதிமல்லி எனப்படும் பிச்சியின் இலையில் ஐந்து முதல் பதினொன்று வரை சிற்றிலைகள் வரிசையாய் இருக்கும். அதன் மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்புச் சாயல் பெற்றிருக்கும். இவ்வேறுபாட்டை ஒருமுறை செடியில் கண்டவர் பின்னர் மறப்பதில்லை.

வளர்க்கப்படும் குண்டுமல்லி பொதுவாக விதை தருவதில்லை. ஆகவே வேர்விட்ட தண்டுக்குச்சியாலும் பதியத்தாலுமே அது பெருக்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்களுக்கு நாற்றுகள் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து செல்கின்றன. கடலோர மணலில் வேர்விட்ட குச்சி வைகைக் கரையில் பூக்கின்றது என்பது எண்ணி மகிழத்தக்கது.

நடும் முறை எளிது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஓரடியாகக் குழி எடுத்து, மட்கிய தொழுவுரமும் செம்மண்ணும் கலந்து நிரப்புதல் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளாயின் நான்கடி இடைவெளி தேவை. நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் படுமிடமாக இருத்தல் நன்று. நிழலில் வைத்த மல்லிகை இலையாய்த் தழைக்குமேயன்றிப் பூக்காது. வேரில் நீர் தேங்குதலும் ஆகாது.

மல்லிகை வளர்ப்போர் பலர் தவறவிடுவது கவாத்து. செடியை வெட்ட மனம் வராமையே அதற்குக் காரணம். ஆனால் மல்லிகை புதிதாய் எழும் தளிர்களின் நுனியிலேயே பூக்கும் இயல்புடையது. பழைய கிளை முற்றிப்போனால் பூவும் அருகிவிடும். எனவே நவம்பர் மாத இறுதியில் குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டிவிட வேண்டும். பிச்சிக்கு டிசம்பர் இறுதியும், முல்லைக்கு ஜனவரி இறுதியும் உரிய காலம். வெட்டுவதற்குச் சில நாள் முன்னர் நீரை நிறுத்தி, வெட்டிய பின்னர்ச் செடிக்குப் பத்துக் கிலோ அளவு தொழுவுரம் இட்டு நீர் பாய்ச்சினால், கோடையின் தொடக்கத்தில் செடி முழுதும் அரும்பு கட்டும். குளிர்காலத்தில் மல்லிகை அருகியே பூக்கும். மார்கழி, தை மாதங்களில் சந்தையில் அதன் விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கான ரூபாயாக உயர்வது இதனாலேயாகும்.

இலை நரம்பு பச்சையாயிருக்க, இடைப்பகுதி மட்டும் வெளிறி மஞ்சளானால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது தோன்றும். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இலையில் தெளித்தால் பசுமை மீளும். மொட்டில் துளையிட்டு உண்ணும் மொட்டுப்புழு வந்தால், தாக்குண்ட மொட்டுகளை நாள்தோறும் கிள்ளி அழிப்பதே வீட்டுச் செடிக்குப் போதுமானது.

நந்தியாவட்டை

வெயில் குறைந்த இடமே உள்ளதெனின் நந்தியாவட்டை ஏற்றது. அடர்ந்த கரும்பச்சை இலைகளுக்கிடையே காற்றாடி போல் சற்றே முறுக்கிய ஐந்து இதழ்களுடன் வெண்பூ விளங்கும். அடுக்கு நந்தியாவட்டையும் உண்டு. பகலில் மணம் புலப்படாது. இரவில் மெல்லென எழும். ஆண்டு முழுவதும் சில பூக்களேனும் இருப்பதால், மல்லிகை ஓய்ந்த குளிர்காலத்திலும் முற்றம் வெறிச்சோடாது. தண்டை நட்டால் எளிதில் வேர்விடும். ஆடும் மாடும் இதனை எளிதில் கடிப்பதில்லை. கிளையை ஒடித்தால் பால் வடியும். அது கண்ணில் படலாகாது. சித்த மருத்துவத்தில் இப்பூ கண்ணுக்குரியதாகச் சொல்லப்படினும், தாமே மருந்து செய்துகொள்ளுதல் தகாது.

மனோரஞ்சிதம்

பூவை இலையினின்று பிரித்தறியவே இயலாத செடி மனோரஞ்சிதம். சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்த இதன் பூ இளமையில் பச்சையாகவே இருக்கும். அப்போது மணம் இல்லை. மஞ்சளாகப் பழுக்கும்போதே மணம் பெருகும். பழுத்த பழத்தின் மணத்தை ஒத்திருப்பதால், நினைத்த பழத்தின் மணம் வீசும் என்று மக்கள் கூறுவர். கண்ணால் தேடிக் காணாததை மூக்கால் தேடிக் காணும் இன்பம் சிறுவர்க்கு உரியது. பூக்காம்பில் உள்ள கொக்கியால் பற்றி ஏறும் இயல்புடையதால் பந்தலோ சுவரோ துணையாக வேண்டும். கத்தரித்து வந்தால் புதராகவும் நிற்கும். விதை மெல்லவே முளைக்கும். பதியமிட்ட கன்றே விரைந்து பயன் தரும்.

இம்மணத்திற்குப் பாம்பு வரும் என்று அஞ்சுவோர் உளர். பாம்பு தேடுவது பூவை அன்று, எலியையும் தவளையையுமே. புதரின் அடியைச் சருகின்றித் தூய்மையாக வைத்து, அடிக்கிளைகளை ஓரடி உயரத்திற்கு நீக்கிவிட்டால் அவ்வச்சத்திற்கு இடமில்லை.

மருதாணி

பெருநாளுக்கு முந்திய இரவிலும் மணவீட்டிலும் மருதாணி அரைத்த அம்மியை நம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். இலையை அறிந்த அளவு அதன் பூவை நாம் அறியவில்லை. கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் அச்சிறு வெளிர்மஞ்சட் பூக்களின் மணம் தெரு முனைவரை செல்லும். வறட்சியைத் தாங்குவதால் வேலியாக வளர்க்க இதனினும் எளிய செடி அரிது. நீர் கிடைக்கும் இடத்தில் ஆண்டு முழுதும் பசுமையாய் நிற்கும். கடும் வறட்சியில் மட்டும் இலை குறையும். ஓயாது வெட்டினால் இலை பெருகும், பூ இராது. ஆகவே ஒரு பக்கத்தையேனும் வெட்டாது விடுதல் வேண்டும்.

வீட்டுச் செடிக்கு மற்றொரு பயனும் உண்டு. மருதாணி இலையின் இயற்கைச் சாயம் செம்மஞ்சளாய்ப் பற்றி, ஓரிரு நாளில் அடர்சிவப்பாகும். கடையில் ‘கருப்பு மருதாணி’ என விற்கப்படுவனவற்றுள் பலவற்றில் பாராபினைலீன் டயமின் என்னும் இரசாயனச் சாயம் கலந்துள்ளது. அது தோலில் கொப்புளத்தையும் நீங்காத வடுவையும் உண்டாக்கக்கூடும். பிள்ளைகளின் கைக்கு முற்றத்து இலையே நம்பத்தக்கது.

இடமில்லாதார்க்கு

அடுக்குமாடியில் வாழ்வோர்க்கும் இது இயலாததன்று. ஓரடிக்குக் குறையாத விட்டமுள்ள மண்தொட்டியில் செம்மண், மணல், மட்கிய உரம் மூன்றையும் சம அளவில் நிரப்பி, அடியில் நீர் வடியத் துளையிட்டால் குண்டுமல்லியும் நந்தியாவட்டையும் நன்கு வளரும். மேல்மண் காய்ந்தபின் நீர் விடுதல் போதும். ஈராண்டுக்கொருமுறை செடியை எடுத்து, சுருண்ட வேரைச் சிறிது கத்தரித்துப் புதுமண்ணில் வைத்தல் நலம்.

நிறைவாக

ஒரு சொல் வாழ வேண்டுமாயின் அச்சொல் குறிக்கும் பொருளும் கண்முன் வாழ வேண்டும். மல்லிகைச் செடியொன்று வாயிலில் நின்றால், ஊசிமுனை போன்ற அரும்பு நாளுக்கு நாள் பருத்து முகையாவதையும், அந்தியில் மலராவதையும், மறுநாள் வீயாய் மண்ணில் கிடப்பதையும் பிள்ளைகள் தாமே காண்பார்கள். அவர்க்கு உரையாசிரியர் விளக்கம் வேண்டுவதில்லை. எல்லாப் பூவையும் பறித்துவிடாமல் சிலவற்றைச் செடியிலேயே விடுவது அதற்காகவே.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முல்லை, மல்லிகை, பிச்சி மூன்றையும் அடுத்தடுத்து நட்டுப் பெயர்ப்பலகை வைக்க எட்டடி நிலம் போதும். நம் வகுப்பறைகளுக்கு வெளியே அவ்வளவு நிலம் இருக்கின்றது. வீட்டு முற்றத்தில் மனோரஞ்சிதமும் மருதாணியும் வளர்த்த பெரியோர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் ஒரு பதியமும் அதனை வளர்த்த அனுபவமும் கேட்டுப் பெறுங்கள். வருகிற ஆடி, ஆவணி மழையில் நட்டுவிட்டால், அடுத்த கோடையில் முல்லைத் திணைப் பாடத்தைச் செடியின் அருகிலேயே நின்று நடத்தலாம்.