காலையில் கோட்டை, மதியம் கலைக்கூடம்!

அரையாண்டுத் தேர்வு முடிந்து என் பேரனும் பேத்தியும் பொன்னேரிக்கு வந்து இறங்கினார்கள். மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"தாத்தா, எங்கயாவது கூட்டிட்டுப் போங்க!"

பேரன் எட்டாம் வகுப்பு. கோட்டை, பீரங்கி என்றால் அவனுக்கு உயிர். பேத்தி ஐந்தாம் வகுப்பு. எப்போதும் கையில் கலர் பென்சில் டப்பாவோடு திரிபவள். அவளுக்கு ஓவியமும் சிலையும் பார்க்க வேண்டுமாம். அவர்கள் அம்மா கொடுத்ததோ ஒரே ஒரு நாள்.

"ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். ஆனால் திட்டம் போடுவது நீங்கள்தான்" என்று ஒரு பழைய நோட்டை அவர்களிடம் கொடுத்தேன். நோட்டு கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு, நான் வேலையில் இருந்தபோது, நாற்பது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். புளியோதரை, தண்ணீர்ப் பானை, விசில் எல்லாம் தயார். வாசலில் போய் நின்றால் கதவு பூட்டியிருக்கிறது! அன்று வெள்ளிக்கிழமை. அந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எல்லாவற்றுக்கும் விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருந்த நான் யாரையும் விசாரிக்கவே இல்லை. நாற்பது முகங்களும் என்னையே பார்த்தன. மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். "சார், பூட்டு நல்லா இருந்துச்சு சார்" என்று ஒரு பையன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் பேரன் எழுதியது இதுதான்: "என்றைக்குப் போகிறோம்? அன்றைக்குத் திறந்திருக்குமா?" வெள்ளிக்கிழமை அடிபட்டது. ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற தேசிய விடுமுறை நாட்களும் கூடாது. புதன்கிழமை என்று முடிவானது.

அடுத்தது, எந்தக் கோட்டை? செஞ்சிக்கும் வேலூருக்கும் போக வேண்டும் என்றான் பேரன். இங்கேயிருந்து அங்கே போய் வருவதற்கே பொழுது போய்விடும். நான் வாசலைக் காட்டி, "ஆரணியாற்றுப் பாலத்தைத் தாண்டினீர்களே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. அது போய்ச் சேருவது பழவேற்காடு ஏரியில். அந்த ஏரிக்கரையில் ஒரு கோட்டை இருந்தது. பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். சென்னையில் ஆங்கிலேயர் கட்டிய ஜார்ஜ் கோட்டை முதலில் கட்டி முடிந்தது 1640-இல். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதோ 1613-இல். சென்னைக் கோட்டைக்கு நம் ஊர்ப் பக்கத்துக் கோட்டை அண்ணன்!

பேரன் உடனே கட்சி மாறிவிட்டான்.

இப்போது ஒரு சண்டை வந்தது. முதலில் எங்கே போவது? "சென்னைதான் முதல்" என்றாள் பேத்தி. "கோட்டைதான்" என்றான் அண்ணன். நான் நடுவில் புகாமல் இரண்டு கேள்வி மட்டும் கேட்டேன். அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கும்? காலை ஒன்பதரைக்கு. வெயில் ஏறிய பிறகு எங்கே நிழல் இருக்கும், இடிபாட்டிலா, கூரை போட்ட கட்டடத்திலா? சண்டை தானாகவே தீர்ந்தது. வெட்டவெளிக்குக் காலை, கூரைக்கு மதியம்.

பிறகு நேரக் கணக்கு. ஆறரைக்குப் பஸ். ஏழே காலுக்குப் பழவேற்காடு. ஒன்பதே முக்காலுக்கு அங்கிருந்து கிளம்பல். பத்தரைக்குப் பொன்னேரி. பதினொரு மணியை ஒட்டிச் சென்னை போகும் மின்சார ரயில். பேரன் ஒரு நிமிடம்கூட மிச்சம் வைக்காமல் அடுக்கினான். "பஸ் டயர் பஞ்சரானால்?" என்று கேட்டேன். அவன் அழித்துவிட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் நடுவில் அரை மணி நேரம் "சும்மா" என்று எழுதினான். அந்த "சும்மா" அன்று எங்களைக் காப்பாற்றியது. திரும்பும் பஸ் இருபது நிமிடம் தாமதம். (மின்சார ரயில் எல்லா நேரத்திலும் அடிக்கடி வராது. முதல் நாளே ஸ்டேஷனில் கால அட்டவணையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 12 வயது நிறையாதவர்களுக்கு அரை டிக்கெட் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.)

பழவேற்காட்டில் இறங்கியதும் முதலில் ஏரிப் பாலத்துக்குப் போனோம். காலை வெயிலில் ஏரி தகதகவென்று இருந்தது. இது கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கும் உவர்நீர் ஏரி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். எங்களுக்கு அவை வெகு தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலத் தெரிந்தன. பேத்தி தன் டப்பாவில் அந்த நிறத்தைத் தேடித் தோற்றாள்.

"படகில் போகலாமா தாத்தா?"

மாட்டேன் என்றேன். 2011 டிசம்பர் 25 அன்று, இதே போன்ற விடுமுறை நாளில், இந்தப் பக்கம் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு இங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். யாராவது வந்து "சும்மா ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டாலும், உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் எந்தத் தண்ணீரிலும் படகு ஏறாதீர்கள். கரையிலிருந்து பார்த்தாலும் ஏரி ஏரிதான்.

அடுத்து கோட்டை. பேரன் முன்னால் ஓடினான். ஓடியவன் நின்றுவிட்டான்.

"கோட்டை எங்க தாத்தா?"

நான் பயந்த கேள்வி இதுதான். கண் முன்னால் இருந்தது முள்செடி மண்டிய மேடு. அங்கங்கே செங்கல். சுற்றிலும் அகழி இருந்த பள்ளத்தின் அடையாளம். அவ்வளவுதான். அவன் முகம் சுருங்கிவிட்டது.

அந்த மேட்டைப் பார்த்தபடி கதை சொன்னேன். டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக. நம் நெசவாளர்கள் நெய்த வண்ணத் துணிகளை வாங்கிக் கப்பலேற்றி, இன்றைய இந்தோனேசியாவில் கொடுத்து, ஜாதிக்காய், கிராம்பு போன்ற வாசனைப் பொருட்களை வாங்கினார்கள். இந்த ஊரின் பெயரே துணிக்குப் பெயராகிவிட்டது. ஆங்கில அகராதியில் 'புலிக்காட்' என்று தேடினால் வண்ணக் கைக்குட்டை என்று போட்டிருக்கும். கோட்டையில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருந்தது.

இன்னொன்றும் இங்கிருந்து கப்பலேறியது. மனிதர்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் பசி தாங்காமல் தங்களையே விற்றவர்களும், பெற்ற பிள்ளைகளை விற்றவர்களும் உண்டு. அவர்களை அடிமைகளாக வாங்கி, இன்று ஜகார்த்தா என்று சொல்கிறோமே, அந்தப் பத்தாவியாவுக்கு ஏற்றிப் போனார்கள். பேத்தி, "என்னை மாதிரி சின்னப் பிள்ளைங்களுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேரனும் அதற்குப் பிறகு "வெறும் மேடு" என்று சொல்லவில்லை.

1690-இல் டச்சுக்காரர்கள் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தார்கள். பிறகு கை மாறி, கை மாறி, 1825-இல் ஊர் முழுவதுமாக ஆங்கிலேயருக்குப் போனது. அதற்கு முன்பே கோட்டையை இடித்தும் விட்டார்கள்.

கோட்டை போனாலும் டச்சுக் கல்லறைத் தோட்டம் எதிரிலேயே இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள்! பேத்தி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவை என்ன செய்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே போய்ப் பாருங்கள். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள். குடும்பச் சின்னங்கள், பூவேலை, டச்சு எழுத்துகள். டச்சு தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். 'ஹீர்' என்று ஒரு சொல் தட்டுப்பட்டால் அதற்கு 'இங்கே' என்று அர்த்தம். ஆண்டுகள் எண்ணிலேயே இருக்கும். எந்தக் கல் பழையது என்று இருவருக்கும் போட்டி வைத்தேன். அண்ணன் ஓடி ஓடித் தேடினான். தங்கை நின்று நின்று படித்தாள். ஜெயித்தது தங்கை.

ஒரு வேலை மட்டும் செய்யாதீர்கள். பழைய சின்னங்களில் ஆணியால் பெயர் கிறுக்குகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். முந்நூறு வருடங்களுக்கு மேல் மழையும் உப்புக்காற்றும் அழிக்காத எழுத்தை ஒரு நிமிடத்தில் அழித்துவிடுகிறார்கள். எழுத ஆசையாக இருந்தால் நோட்டு எதற்கு இருக்கிறது?

பஸ், பிறகு ரயில். மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணியபடி தயிர்சாதம் சாப்பிட்டோம். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்துவிடலாம்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. மிகப் பெரிய இடம். முழுவதும் பார்க்கிறேன் என்று ஓடினால் கால் வலிதான் மிஞ்சும். அதனால் திட்டத்தில் மூன்றே மூன்று என்று முன்பே எழுதிவைத்தோம்.

முதலில் வளாகத்தில் இருக்கும் தேசியக் கலைக்கூடக் கட்டடம். 1909-இல் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் என்பவர் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டினார். அந்த இளஞ்சிவப்பு மணற்கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நமக்குப் பக்கத்தில் இருக்கும் சத்தியவேட்டிலிருந்து! பேத்தி பூநாரை நிறத்தை இங்கே கண்டுபிடித்துவிட்டாள். இந்தக் கட்டடம் பழுதுபார்ப்பதற்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. ஆகவே டிக்கெட் வாங்கும்போதே எந்தெந்தக் கூடங்கள் இன்று திறந்திருக்கின்றன என்று கேட்டுவிடுங்கள். ராஜா ரவிவர்மாவின் ஓவியங்கள் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது முதலில் கிட்டே போகாதீர்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், பிறகு கிட்டே போங்கள். தூரத்தில் பட்டுப்புடவையாகத் தெரிந்தது கிட்டே வெறும் வண்ணத் தீற்றலாக இருக்கும்.

இரண்டாவது, அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்தத் தூபியின் கற்கள் இவை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. அந்தத் தூபியும் இடிந்து, அதன் கற்களைச் சுண்ணாம்புக்காகச் சுட்டவர்கள்கூட உண்டு. தப்பித்தவற்றில் ஒரு பகுதி இங்கே, ஒரு பகுதி லண்டனில். வட்டமான ஒரு கல்லில் நளகிரி என்ற யானையின் கதை இருக்கிறது. ஒரு பக்கம் மதம் பிடித்து ஆளைத் தூக்கி வீசுகிறது. அதே வட்டத்தின் மறுபக்கம் அதே யானை புத்தர் முன் மண்டியிடுகிறது. "காமிக்ஸ் மாதிரி இருக்கு!" என்றான் பேரன். காமிக்ஸேதான்.

மூன்றாவது, வெண்கலச் சிலைகள். அதில் நான் காட்ட விரும்பியது ஒன்றே ஒன்று, திருவாலங்காட்டு நடராசர். சோழர் காலத்துச் சிலை. திருவாலங்காடு வேறெங்கும் இல்லை, நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி வார்ப்பார்கள். பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற சிற்பி ரோடின் இந்தச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்து மயங்கி, 1913-இல் ஒரு கட்டுரையே எழுதினார். நேரில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாமோ மின்சார ரயிலில் வந்து பார்த்துவிட்டோம்.

பேத்தி தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். தூக்கிய பாதம் வரவே இல்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. "சும்மா" என்று ஒதுக்கிய கடைசி அரை மணி நேரம் அதற்குத்தான் சரியாக இருந்தது. அருங்காட்சியகத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

திரும்பும் ரயிலில் கூட்டம். ஒருவழியாக ஜன்னல் ஓரம் கிடைத்தது. பேரன் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டான். "தாத்தா, நடராசர் இருந்த ஊரு இப்பவும் இருக்குல்ல? கோயிலும் இருக்குமா?"

"இருக்கிறது. அரக்கோணம் போகிற ரயில் பாதையில்."

"அப்ப நாம சென்ட்ரல்ல வண்டி மாறணும்" என்று சொல்லிவிட்டுப் புதுப் பக்கத்தைத் திருப்பினான். மேலே எழுதினான்: "என்றைக்குப் போகிறோம்? அன்றைக்குத் திறந்திருக்குமா?"

தங்கை அதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கியிருந்தாள்.