வெயிலில் நின்ற காரில் டேஷ்கேம் ஏன் உப்பிப்போகிறது?

சித்திரை வெயிலில் பர்வதமலைக்குப் போகும் வழியில், கலசப்பாக்கத்தில் காரை நிறுத்துகிறீர்கள். திரும்பி வந்தால், முன்கண்ணாடியில் ஒட்டிய கேமராவின் மூடி பிளந்து நிற்கிறது. உள்ளே என்ன நடந்தது?

கண்ணாடி வழியே புகுந்த வெயில் டேஷ்போர்டைச் சூடாக்குகிறது. சூடான காற்றுக்கு வெளியேற வழியில்லை. கோடையில் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும்.

கேமராவுக்குள் இருப்பது சின்னஞ்சிறு லித்தியம் பேட்டரி. பொதுவாக 45 டிகிரிக்கு மேல் அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. நாமோ கொதிக்கும் காரை ஸ்டார்ட் செய்ததுமே ஏற்றிவிடுகிறோம்! சூட்டில் பேட்டரிக்குள் உள்ள திரவம் சிதைந்து வாயுவாகிறது. இறுக மூடிய டப்பாவில் தோசை மாவு புளித்தால் மூடியைத் தள்ளுமே, அப்படித்தான். ஒரே வித்தியாசம்: மாவு டப்பாவைத் திறக்கலாம், பேட்டரி உறையைக் குத்தினால் தீப்பிடிக்கும்.

நீங்களே சரிசெய்யலாமா? பேட்டரி உப்பாமல், சார்ஜ் மட்டும் நிற்கவில்லையென்றால் தாராளமாக. கேமரா நன்கு ஆறியதும் திறந்து, அதே வோல்ட், அதே அளவுள்ள பேட்டரியைப் போடுங்கள். சிவப்பு, கறுப்பு வயர்கள் மாறக் கூடாது.

உப்பியிருந்தால் நெம்பாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் வீசாதீர்கள். அடுத்த கேமரா வாங்கும்போது, பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் வெயிலை அது நன்றாகவே தாங்கும்.