விஷமுறிவும் நிகழ்தகவும்

பாண்டிருப்புக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வட்டைகளில் வேளாண்மை வெட்டும் காலத்தில் கண்ணாடி விரியன் தீண்டியவரைப் பரிகாரியிடம் கொண்டுபோவதா, கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா என்ற தர்க்கத்தில் ஆஸ்பத்திரியே உத்தமம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனினும், அங்கே ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து குதிரையின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் அந்நியப் பதார்த்தமாதலால், சிலருக்கு உடம்பெங்கும் தடிப்பையும் குளிர் நடுக்கத்தையும், சமயத்தில் மூச்சுத் திணறலையும் உண்டாக்குவதை மறைப்பதற்கில்லை.

மருந்தேற்றுவதற்குச் சற்று முன்னர் தோலின் கீழ் அற்ப அளவு அட்ரினலினைச் செலுத்தினால் இந்த ஒவ்வாமை தடைப்படுமா என்று பரீட்சித்த பிரேமவர்தன என்ற இலங்கை வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளியிட்ட முடிவு, நான்கே கட்டங்கள் கொண்ட இருவழி அட்டவணையில் அடங்கிவிடும். நோயாளர் 105 பேர். அட்ரினலின் பெற்ற 56 பேரில் 6 பேருக்கு ஒவ்வாமை, 50 பேருக்கு இல்லை. போலி ஊசி பெற்ற 49 பேரில் 21 பேருக்கு ஒவ்வாமை, 28 பேருக்கு இல்லை.

அந்த 6 என்னும் எண்ணை எதனால் வகுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 105ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6 சதவீதம். 56ஆல் வகுத்தால் 11. ஒவ்வாமை கண்ட 27 பேரால் வகுத்தால் 22. மூன்றும் பிழையற்ற கணக்கே, ஆனால் கட்டிலருகே நிற்கும் உறவினருக்கு வேண்டியது, ஊசி போட்டால் ஒவ்வாமை வரும் நிகழ்தகவாகிய இரண்டாவது மட்டுமே. மூன்றாவது, ஒவ்வாமை வந்தவர் ஊசி போட்டவராயிருக்கும் நிகழ்தகவு. அது எத்தனை பேருக்கு ஊசி போடப்பட்டது என்பதைப் பொறுத்து மாறிவிடும். உதாரணமாக, அதே 11 சதவீத விளைவுடன் 500 பேருக்கு அட்ரினலினும், 49 பேருக்குப் போலி ஊசியும் போட்டதாகக் கற்பனை செய்தால், ஒவ்வாமை காணும் சுமார் 75 பேரில் 54 பேர் அட்ரினலின் பெற்றவராயிருப்பர். "ஊசியாலதான் வந்தது" என்று ஊர் பேசுவதற்கு அதுவே போதும்!

ஊசிக்கு எவ்விதப் பலனும் இல்லாதிருந்தால், 27 பேரில் ஊசி பெற்றவர்களின் பங்காக 14 பேரையாவது எதிர்பார்த்திருக்கலாம், கண்டது ஆறு. ஒவ்வாமை 43 சதவீதத்திலிருந்து 11க்கு இறங்கியதென்றால் நான்கில் மூன்று பங்கு, அதாவது 75 சதவீதம், குறைந்ததென்று பொருள்.

2011இல் டி சில்வா குழுவினர் இலங்கையிலேயே 1007 பேரிடம் நடத்திய பெரும் பரீட்சையில் இதே 43உம் 75உம் இடம் மாறி வந்தது விசித்திரம். அங்கே எல்லாக் குழுக்களையும் சேர்த்து 75 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை. அட்ரினலின், கடுமையான ஒவ்வாமையை முதல் மணி நேரத்தில் 43 சதவீதம் குறைத்தது. ஒன்று ஆட்களின் பங்கு, மற்றது ஆபத்தின் குறைவு என்பதை அறியாதவர் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழம்புவது திண்ணம். சிறு பரீட்சை காட்டிய பலன் பெரும் பரீட்சையில் சுருங்கியது எனக்கு வியப்பளிக்கவில்லை, வியப்பளித்தது வேறு. கூடவே சோதிக்கப்பட்ட ப்ரோமெதசினும் ஹைட்ரோகோர்டிசோனும் தாமாகப் பலன் தராததோடு, ஹைட்ரோகோர்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பலனும் மறைந்துபோயிற்று.