மெஷினைக் குறை சொல்றதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க!

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், விடியும் முன்பே வலை இழுக்கப் போகும் ஆண்கள்னு அங்கே உடம்புதான் மூலதனம். அதனால் முதுகுவலி, தோள்வலி, முழங்கால்வலி இல்லாத வீடு குறைவு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. வலிக்கு பிசியோதெரபிஸ்ட் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்று டென்ஸ். கையடக்கமான சின்ன மெஷின், இரண்டு வயர், நாலு பேட். அவ்வளவுதான்.

என்.எஸ்.எஸ். முகாமுக்கோ ப்ராஜெக்ட்டுக்கோ இந்த மாதிரி ஊருக்குப் போனால், "தம்பி, நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற? இது வேலை செய்யல, கொஞ்சம் பாரேன்"னு ஒரு டென்ஸ் உங்க கைக்கு வரலாம். அப்போ என்ன செய்யணும், எதைச் செய்யவே கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

டென்ஸ் எப்படி வேலை செய்யுது?

தோலின் வழியாகச் சின்னச் சின்ன மின் துடிப்புகளை அனுப்பி நரம்பைத் தூண்டுவதுதான் டென்ஸின் வேலை. தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டினால், தண்டுவடத்தில் வலிச் செய்தி போகும் 'கதவு' ஓரளவு மூடிக்கொள்ளும் என்பது 1965-இல் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த கோட்பாடு. எல்லாருக்கும் ஒரே அளவு பலன் கிடைக்காது. ஆனா வயர் அறுந்திருந்தா யாருக்குமே கிடைக்காது!

துடிப்பின் அகலம் சுமார் 50 முதல் 250 மைக்ரோ விநாடி. வேகம் பொதுவாக 150 ஹெர்ட்ஸுக்குள். பல மெஷின்கள் மாறா மின்னோட்ட வகை. அதாவது, வழியில் மின்தடை கூடினால் மெஷின் தானாகவே வோல்டேஜைக் கூட்டும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கீழே தேவைப்படும்.

ஏன் வயர்தான் முதலில் போகுது?

முதல் காரணம், மடிப்பு. இந்த வயர்களில் பலவற்றின் உள்ளே இருப்பது நூலின் மேல் சுற்றிய மெல்லிய செம்புத் தகடு. வளையும், ஆனா ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிஞ்சா அறுந்துடும். பிளக்குக்குப் பக்கத்தில், பின்னுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் அறும். மெஷினைச் சுற்றி வயரை இறுக்கிக் கட்டி வைக்கும் பழக்கம் இதற்கு எமன்.

இரண்டாவது, உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். ஏரிக்கரையில் இரவு ஈரப்பதம் இதைத் தாண்டுவது சாதாரணம். பின்னில் படிந்த உப்புத்தூள் ராத்திரியில் உப்புத்தண்ணியாகி உலோகத்தை அரிக்கும். பின்னில் பச்சை பூத்திருந்தா அது அரிப்புதான்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் விதி: யார் உடம்பிலும் மாட்டி வைத்துக்கொண்டு சோதிக்காதீங்க. இரண்டாவது விதி: ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்க.

1. பேட்டரியைப் பாருங்க. புதுசு போட்டும் அதே நிலை என்றால் மேலே போங்க.

2. பேட்டைப் பாருங்க. பசை காய்ந்த பேட் ஓரங்களில் உரியும். 5 செ.மீ. × 5 செ.மீ. பேட்டின் பரப்பு 25 சதுர செ.மீ. பாதி உரிந்தால், அதே மின்னோட்டம் பாதிப் பரப்பில் பாயும். மின்னோட்ட அடர்த்தி இரு மடங்கு! எறும்பு கடிப்பது போல 'சுருக் சுருக்'னு குத்துவதற்கு இது முக்கியக் காரணம்.

3. வயரை இடம் மாற்றுங்க. ஒரு சேனல் வேலை செய்து மற்றது செய்யலைன்னா, இரண்டு வயரையும் பிடுங்கி மாற்றிச் செருகுங்க. கோளாறு வயரோடு சேர்ந்து இடம் மாறினால் வயர்தான் குற்றவாளி. அதே சேனலிலேயே நின்றால் மெஷினின் சாக்கெட்டையோ உள்ளே இருக்கும் சர்க்யூட்டையோ சந்தேகப்படுங்க.

4. மல்டிமீட்டர். வயரை மெஷினிலிருந்தும் பேட்டிலிருந்தும் கழற்றிவிட்டு, பிளக்கின் முனையிலிருந்து ஒரு பின்னுக்கும், பிளக்கின் அடுத்த பகுதியிலிருந்து இன்னொரு பின்னுக்கும் ஓம் அளவு பாருங்க. செம்பு வயரில் சில ஓம்களுக்குள் இருக்கணும். இரண்டு பின்களுக்கும் இடையே இணைப்பே இருக்கக் கூடாது. அங்கே கிலோ ஓம் கணக்கில் ஏதாவது காட்டினால் உள்ளே உப்புத்தண்ணி புகுந்திருக்கு. அளக்கும்போதே வயரை இரு முனைகளிலும் மெதுவா வளைத்துப் பாருங்க. எண் குதித்தால் அங்கேதான் முறிவு.

5. எல்இடி சோதனை. இரண்டு எல்இடியை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணையாகச் சேர்த்து, தொடரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, இரு பின்களுக்கும் நடுவில் மாட்டுங்க. 100 ஹெர்ட்ஸ், குறைந்த அளவு. மங்கலாக எரியும், நிழலில் வைத்துப் பாருங்க. வயரை அசைக்கும்போது அணைந்து அணைந்து எரிந்தால் விஷயம் முடிந்தது. சில மெஷின்கள் எதிரே லோடு இல்லைன்னு கண்டால் தானே பூஜ்யத்துக்குத் திரும்பிடும். வயர் அறுந்ததற்கு அதுவும் ஓர் அடையாளம்.

முழுசா அறுந்ததைவிட, பாதி அறுந்ததுதான் ஆபத்து

முழுசா அறுந்த வயர் எதுவும் செய்யாது. விட்டு விட்டுப் பிடிக்கும் வயரைப் பாருங்க: ஒன்றும் தெரியலையேன்னு பாட்டி அளவைக் கூட்டிக்கொண்டே போவார். மெஷினும் மின்தடை கூடியதாக நினைத்து வோல்டேஜை ஏற்றி வைத்திருக்கும். பாட்டி லேசாகத் திரும்பும்போது வயர் சட்டெனப் பிடிக்கும். மொத்தமும் ஒரே அடியில்! அன்றோடு அந்த மெஷின் பரணுக்குப் போய்விடும், வலி மட்டும் வீட்டிலேயே இருக்கும். ஆகவே "அசைச்சா வேலை செய்யுது"ங்கிற வயரைத் திருப்பிக் கொடுக்காதீங்க. முனையை வெட்டிவிட்டு, புது வயர் வாங்கச் சொல்லுங்க.

ஒட்டுப் போடலாமா?

வேண்டாம். நூல் மேல் சுற்றிய தகட்டில் சால்டர் ஒழுங்காகப் பிடிக்காது, சூட்டில் நூல் கருகும். டேப் சுற்றினால் நாலு நாளில் மறுபடி பழைய கதை. வேறு கருவியின் பிளக்கை வெட்டி ஒட்டுவது அதைவிட மோசம். உடம்பில் ஒட்டிய கண்காணிப்பு வயரின் மறுமுனை தவறுதலாக மின்சார இணைப்பில் செருகப்பட்டு அமெரிக்காவில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதன் பிறகு 1997-இல் அங்கே எஃப்.டி.ஏ. அமைப்பு, இப்படிச் செருகவே முடியாத பிளக்தான் இருக்க வேண்டும் என விதி கொண்டுவந்தது. வெறும் பின் நீட்டிக்கொண்டிருக்கும் வயரை எங்கே பார்த்தாலும் ஒதுக்கி வையுங்க.

சுத்தம் செய்யும்போது ஒரு சின்ன விஷயம்: நம்ம லேபில் எல்லாத்துக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான். ஆனா சுத்தமான ஆல்கஹாலில் உப்பு சரியாகக் கரையாது. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பின்னைத் துடைங்க, பிறகு ஆல்கஹால், பிறகு நன்றாக உலர்த்தல். வயரைத் தளர்வாக வட்டமாகச் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைக்கச் சொல்லுங்க.

நம்ம எல்லை

வயர் பார்ப்பது நம்ம வேலை. எங்கே ஒட்டணும், எவ்வளவு நேரம், யாருக்கு என்பதெல்லாம் பிசியோதெரபிஸ்ட் சொல்லணும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கம் ஒட்டக் கூடாது. வலைக்கயிறு அறுத்த புண், இறால் முள் குத்திய காயத்தின் மேலும் கூடாது. ஏரியிலிருந்து வந்த ஈர உடம்போடும், சார்ஜரில் போட்டபடியும் வேண்டாம்.

கிளம்பும் முன், மூன்றாவது சோதனையை மட்டும் அந்த வீட்டில் ஒருவருக்குச் செய்து காட்டுங்க. அதற்கு மல்டிமீட்டர் வேண்டாம், இன்ஜினியரிங்கும் வேண்டாம். ஒரு வயருக்காக ஒரு நாள் பாட்டை விட்டுவிட்டு, மொத்த மெஷினையும் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்கோ சென்னைக்கோ அவர்கள் அலைவது மிச்சம்.